அக்கறையற்ற பெற்றோர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கல்வியின் சமூகப் பங்கு பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'பெற்றோரின் அக்கறையின்மையே அரசுப் பள்ளி மாணவர்கள் பின்தங்கக் காரணம்' என்று கட்டுரையாளர் எழுதியது போதாதென்று, தாங்கள் அந்த வரியைப் பெரிய எழுத்தில் பெட்டி கட்டி வேறு போட்டிருக்கிறீர்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பணியாற்றியவன் என்ற முறையில் அந்தப் பெட்டியைக் கடந்து அடுத்த பக்கம் புரட்ட என்னால் முடியவில்லை.

எங்கள் வட்டாரத்தில் பீடி சுற்றாத வீடுகள் குறைவு என்பது தாங்கள் அறியாததல்ல. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தொடர்ந்து வராத ஒரு தாயைக் கண்டிப்பதற்காகவே ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். என்னைக் கண்டு எழப் பார்த்தவர், தூள் சிந்திவிடும் என்று பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். "சார், மூணு மணிக்குக் கூட்டம்னு சொல்லுதீய. அஞ்சு மணிக்குள்ள கடையில குடுக்கலன்னா நாளைக்கு இலை தரமாட்டாவ" என்றார். மகனின் நோட்டுகளுக்கு நாட்காட்டித் தாளில் அட்டை போட்டு, ஓரம் பிரியாமல் பீடி நூலாலேயே தைத்து வைத்திருந்தார். கண்டிக்கப் போனவன் மோர் குடித்துவிட்டுத் திரும்பினேன். அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பெற்றோருக்கு எந்த நேரம் ஒழியும் என்று கூட்டத்துக்கு நேரம் குறித்தவர்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கட்டுரையாளர் தம் கூற்றுக்குத் துணையாக, அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 1966-இல் வெளிவந்த கோல்மன் அறிக்கையை இழுத்திருக்கிறார். தேர்ச்சியில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே கூடுதல் பங்கு உண்டு என்பதுதான் அதன் முடிவு. பின்னணி என்பதை அக்கறை என்று மொழிபெயர்த்துக்கொண்டது கட்டுரையாளரின் சொந்தச் சரக்கு. பின்னணி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு (தபால் ஊழியர் ஒருவரின் மகன்) அறுபதுகளிலேயே விளக்கத் தொடங்கிவிட்டார். வசதியான வீட்டுப் பிள்ளை தாய்ப்பாலோடு பெற்று வரும் பேச்சையும் பழக்கத்தையும் பள்ளிக்கூடம் 'திறமை' என்று எண்ணி மதிப்பெண் போடுகிறது. அவை வாய்க்காத பிள்ளையும் தனக்குத்தான் மூளை இல்லை என்று நம்பிவிடுகிறது. வீட்டிலிருந்து வரும் அந்தப் பேச்சையும் பழக்கத்தையும்தான் அவர் பண்பாட்டு மூலதனம் என்றார். சமூகவியலின் முன்னோடிகளில் ஒருவரான துர்கைமை மூன்று இடங்களில் மேற்கோள் காட்டிய கட்டுரையில் பூர்தியுவுக்கு ஒரு வரிகூட இடமில்லாமல் போனது தற்செயல்தான் என்று நம்ப விரும்புகிறேன்.

இந்த மூலதனத்தை எங்கே எண்ணிப் பார்க்கிறார்கள் என்பதை என் பேரனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன தனியார் பள்ளியில் கண்டேன். (அரசுப் பள்ளித் தலைமையாசிரியரின் பேரன் ஏன் அங்கே போனான் என்று கேட்பீர்கள்; அந்தச் சண்டையில் என் வீட்டில் நான் தோற்றேன்.) விண்ணப்பத்தில் பெற்றோரின் கல்வித் தகுதிக்குத் தனிக் கட்டம் இருந்தது, என் மருமகளிடம் ஆங்கிலத்தில் நான்கு கேள்விகளும் கேட்டார்கள். சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது என்று மேற்படிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு கூறுவதைச் சுட்டினேன். "அதெல்லாம் ஃபார்மாலிட்டி சார்" என்று பதில் வந்தது.

தங்கள் இதழ் மட்டும் என்ன செய்தது? பொதுத்தேர்வுத் தரவரிசை வெளியிடுவதை அரசு 2017-இல் நிறுத்தியது. பிள்ளைகளின் புகைப்படங்களையும் மதிப்பெண்களையும் அடுக்கிய முழுப்பக்க விளம்பரங்களைத் தாங்கள் நிறுத்தவில்லை. 11-ஆம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் 12-ஆம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த தனியார் பள்ளிகளால்தான் 2017-18 கல்வியாண்டில் 11-ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இது குறித்து அப்போதே இரண்டு கடிதங்கள் எழுதினேன். அவை பிரசுரமாகவில்லை, அஞ்சல் துறையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் தந்தை கைநாட்டு வைக்கும் நெசவாளர். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய பிறகே எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இடையில் நிற்காமல் பள்ளிக்குப் போனோம். என் தந்தைக்கு அதற்கு முன்பும் அக்கறை இருந்தது, சோறுதான் இல்லை.

பெட்டி கட்டிய வரிக்கு மறுப்பு வெளியிடுங்கள் என்று வற்புறுத்த மாட்டேன். வரும் மே மாதக் கல்வி மலரில், விளம்பரங்கள் போக மிஞ்சும் இடத்தில், மேலாண்மைக் குழுக் கூட்டங்களை மாலை ஆறு மணிக்குப் பிறகு வைக்குமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டு நான்கு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.