வாடகை நோட்டையும் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா மாதிரி இன்னொரு தொற்று வந்தால் வாடகைக்கு உதவ ஒரு நிதி வேண்டும், அதற்கு எங்கள் வாடகை நோட்டையே சான்றாக ஏற்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வேலூர் சைதாப்பேட்டையில் நாலு குடித்தனம் உள்ள ஒரு லைன் வீடு எனக்குச் சொந்தம். வீட்டு ஓனர் என்றதும் பெரிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். கணவர் போன பிறகு அந்த நாலு வாடகையில்தான் என் சாப்பாடு, மாத்திரை, வீட்டு வரி எல்லாம் ஓடுகிறது.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது ஓர் அறையில் பீடி சுற்றும் குடும்பம் இருந்தது. அடுத்ததில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், அதற்கடுத்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்வரும் இளம் தம்பதி. கடைசி அறையில், லாட்ஜில் அறை துடைக்கும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடு. பீடிக்கு இலையும் தூளும் வருவது நின்றது. வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் இல்லை, லாட்ஜைப் பூட்டிவிட்டார்கள். பத்தே நாளில் நாலு வீட்டிலும் வருமானம் இல்லை.

மார்ச் 29 அன்று, தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய உள்துறை ஆணை போட்டது. நியாயம்தான், நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தை யார் தருவது என்பதை யாரும் சொல்லவில்லை. ஏழையும் அரை ஏழையும் உங்களுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டதுபோல் ஆகிவிட்டது.

ரேஷன் கார்டுக்கு 2020இல் 1,000 ரூபாயும், 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் மாநில அரசு கொடுத்தது. மறுக்கவில்லை. அது சொந்த வீட்டில் இருப்பவருக்கும் வாடகை வீட்டில் இருப்பவருக்கும் ஒரே தொகை. அரிசிக்கும் பாலுக்கும் சிலிண்டருக்குமே அது பற்றவில்லை.

"அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்கம்மா" என்றார்கள். கழித்தேன். நாலு மாதத்தில் அட்வான்ஸ் தீர்ந்தது. லாட்ஜ் வேலை பார்த்த பெண் பிள்ளைகளோடு ஒடுகத்தூர் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். லாட்ஜ் திறந்ததும் திரும்பி வந்தாள். அதற்குள் நான் அறையை வேறு ஆளுக்கு விட்டிருந்தேன். வேறு வீடு பிடிக்க அவளிடம் அட்வான்ஸ் இல்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் கேட்கிறேன்: அடுத்த தொற்று வருவதற்கு முன்பே வாடகைக்கென்று தனியாக ஓர் அவசர நிதியை அரசிடம் கேட்டு வாங்கி வையுங்கள். பணம் நேராக ஓனர் கணக்குக்கு வரட்டும். வாங்குகிற ஓனர் ஆறு மாதம் காலி செய்யச் சொல்லக் கூடாது.

சான்று விஷயத்தில்தான் எனக்குப் பயம். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், பதிய வேண்டும் என்கிறது. லைன் வீட்டில் யார் அதெல்லாம் செய்கிறார்கள்? எங்களிடம் இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. மாதம், தொகை, கையெழுத்து, அவ்வளவுதான். பதிந்த ஒப்பந்தம் இருந்தால்தான் உதவி என்றால் என் நாலு குடித்தனத்தில் ஒருவருக்கும் கிடைக்காது. அமெரிக்காவில் கொரோனா காலத்தில் வாடகை உதவிக்கென்றே 4,600 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். அங்கேயும் காகிதம் கேட்டுக் கேட்டுப் பணம் இழுத்தடித்தது. கடைசியில், குடியிருப்பவர் தானே எழுதிக் கொடுத்தால் போதும் என்று 2021இல் தளர்த்த வேண்டியிருந்தது.

ஓனர்கள் கூட்டி எழுதுவார்களே என்பீர்கள். எழுதுவார்கள், என் தெருவிலேயே இரண்டு பேரைத் தெரியும்! அறைக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு வையுங்கள். அப்புறம், அன்றைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்களே, அந்தத் தாளிலேயே சொந்த வீடா வாடகையா, வாடகை எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் சரிபார்க்கவும் வழி கிடைத்துவிடும்.

என் 2020 நோட்டு அலமாரியில் இருக்கிறது. ஆள் அனுப்பினால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி ஒருத்தி,
சைதாப்பேட்டை, வேலூர்