அப்பம்மாவின் கையைப் படமாகக் கீறிய பிள்ளைக்கு

அன்பு மகளுக்கு,

அப்பம்மாவுக்கு இப்போது பரவாயில்லை. காலையில் கஞ்சி குடித்தார், யன்னலைத் திறந்துவிடச் சொன்னார். மிச்சக் கதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னோடும் கதைக்கத்தான் மூன்று நாளாக எடுத்தேன். "ம்." "சரி அப்பா." "அம்மாட்டக் குடுக்கிறன்." அவ்வளவுதான். சோதனை எழுதிக் களைத்த பிள்ளை, நான் குறையாகச் சொல்லவில்லை. சாப்பிடுகிறாய்தானே? இரவு இரண்டு மணி வரை முழித்திருக்காதே.

வியாழக்கிழமை உன் ஜி.சி.எஸ்.ஈ. சோதனை றிசல்ட். நல்லூரில் தேரும் அதே கிழமைதான். உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். நல்லூரில் அர்ச்சனை ரிக்கெற் இன்னும் ஒரு ரூபாய்தான் தெரியுமா? அன்றைக்கு வெள்ளனவே எழும்பி, பள்ளிக்கூடக் கடிதத்தையும் கையோடு எடுத்துப் போ. றிசல்ட் கிடைத்ததும் ஏ லெவல் படிக்கும் சிக்ஸ்த் போமுக்குப் பதிய வேண்டும். கணிதமும் பௌதிகமும் முடிவான விஷயம். கணிதத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விட்டுவிடாதே.

மூன்றாவது பாடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆர்ட்டும், டி.ரி. என்கிற டிசைன் அன்ட் ரெக்னோலஜியும் ஒரே நேரத்தில் வருவதால் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றார்கள். நீ டி.ரி. என்று எழுதிக் கொடுத்தாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்னம்மாவுக்கு, சித்தப்பாவுக்கு, கடைக்கார அண்ணைக்குக்கூடச் சொன்னேன், பிள்ளை எஞ்சினியரிங் பக்கம் போகிறாள் என்று.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, நீ படங்கள் வைக்கிற கறுப்புப் போல்டர் கராஜுக்குள் பெயின்ற் வாளிக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரவில் அப்பம்மாவுக்குப் பக்கத்தில் முழித்திருக்கும்போது, இரண்டு பாடத்தையும் பற்றிப் போனில் வாசித்தேன். ஜனவரியில் நீ படிவம் நிரப்பியபோதே வாசித்திருக்க வேண்டும். டி.ரி. ஏ லெவலில் பாதிப் புள்ளி எழுத்துச் சோதனைக்கு, பாதி நீயே செய்யும் புரொஜெக்ற்றுக்கு. ஒருவருக்கு உண்மையாகவே இருக்கிற ஒரு கஷ்டத்தைப் பிடித்து, அதற்கு ஒரு பொருளைக் கீறி, மாதிரி செய்து பார்த்து, பிழைத்தால் திரும்பச் செய்து, ஏன் அப்படிச் செய்தாய் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். நீ அதைச் செய்வாய். உன் மேசை விளக்கின் மூலைப் பொருத்து சரிவரவில்லை என்று மூன்றுதரம் கழற்றினாயே. மூன்றாந்தரம் தெரிந்த மயிரிழை இடைவெளியை மரத்தூளையும் பசையையும் குழைத்து நிரப்பி, காய்ந்தபிறகு தேய்த்தாய். இப்போது விரலால் தடவினால்கூடத் தெரியாது. அதை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

ஆனால் ஆர்ட்டை நான் ஓய்வு நேரப் பாடம் என்றே நினைத்திருந்தேன். அதில் 60 வீதம் நீயே ஒரு விஷயத்தை எடுத்து மாதக்கணக்காக ஆராய்ந்து செய்வது. அதோடு குறைந்தது 1000 சொல்லில் கட்டுரையும் எழுத வேண்டும். மற்ற 40 வீதத்துக்குக் கேள்வித்தாளைப் பெப்ரவரி 1இல் தருவார்களாம். ஆயத்தமெல்லாம் செய்து முடித்தபிறகு, கண்காணிப்பில் 15 மணித்தியாலம் இருந்து கடைசி வேலையைச் செய்ய வேண்டும். 15 மணித்தியாலம்! என்னால் ஒரு கதிரையில் அவ்வளவு நேரம் இருக்கவே முடியாது.

பல்கலைக்கழகம் போக உதவும் பாடங்கள் என்று சின்னம்மா சொன்ன பட்டியலையும் தேடிப் பார்த்தேன். ரசல் குறூப் என்கிற பிரித்தானியப் பெரிய பல்கலைக்கழகங்கள் வெளியிட்டதுதான். 2019இலேயே எடுத்துவிட்டார்கள். அது இருந்த காலத்திலும் ஆர்ட் மட்டுமல்ல, டி.ரி.யும் அதில் இல்லை. பார்க்காமலே அவவுக்கு முன்னால் தலையாட்டினேன். நீயும் அங்கேதான் இருந்தாய். ஆர்க்கிடெக்சருக்கும் பல இடங்களில் போர்ட்ஃபோலியோ கேட்கிறார்கள். எங்கள் வாக்கும் கிளீனரைச் செய்த டைசன், முதலில் போய்ப் படித்தது லண்டனில் ஓர் ஓவியப் பள்ளியிலாம். அந்தக் கிளீனர் சரிவர 5127 மாதிரி செய்தாராம். கணிதத்தை விடாதே, அது எதற்கும் உதவும்.

நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்கவேண்டுமென்றுதான் தொடங்கினேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டிருக்க மாட்டோமா? எப்போது உனக்கு இல்லை என்று சொன்னோம்?

இல்லை. சொல்லாமல் விட்டது நான்தான்.

பேரன்ட்ஸ் ஈவ்னிங்குக்கு அம்மாவுக்கு வேலை என்று நான் தனியே போனேன். ஆர்ட் ரீச்சர் கடைசி மேசையில் இருந்தார். உன் கரிப் படத்தை விரித்து வைத்திருந்தார். தேங்காய்த் திருவலையைப் பிடித்த அப்பம்மாவின் கை. வலது பெருவிரல் நகம் உள்ளே மடிந்திருப்பதையும், அதற்குக் கீழே தோல் வெடித்திருப்பதையும் காட்டினார். "பார்த்துக் கீற எல்லாருக்கும் பழக்கலாம். இவள் பார்க்கிற மாதிரிப் பார்க்கப் பழக்குவது கஷ்டம். ஆர்ட்டை விட வேண்டாம், என்னிடம் ஒருக்கால் வந்து கதைக்கச் சொல்லுங்கள்" என்றார். வீட்டுக்கு வந்ததும் நீ படியில் நின்று கேட்டாய், "ஆர்ட் ரீச்சர் என்ன சொன்னவ?" "நல்லாச் செய்யிறாய் எண்டு சொன்னவ" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே போனாய்.

ஆர்க்கிடெக்சர் என்றால் ஏழு வருஷப் படிப்பு, கடன், ஊர் என்ன சொல்லும் என்று ஆயிரம் காரணம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதைவிட, அந்த நகம் மடிந்திருப்பது எனக்குத் தெரியாது. என் தாயின் கை. அந்த மேசையில் எனக்கு வந்த வெட்கம் வீடு வரும்போது பிடிவாதமாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு இரவும் அந்தக் கைக்கு எண்ணெய் பூசுகிறேன். நீ கீறியபடியேதான் இருக்கிறது.

ரீச்சர் சொன்னது தெரியாமல்தான் நீ டி.ரி. என்று இருக்கிறாய். தெரிந்தபிறகும் டி.ரி.தான் என்றால் சரி, அந்த விளக்கைச் செய்த கைக்கு அதுவும் பொருத்தம். ஆனால் வியாழக்கிழமை பதியுமுன் அந்த ரீச்சர் நின்றால் போய்க் காண். அப்பாதான் சொல்லாமல் விட்டவர் என்று அவருக்குச் சொல். பாடம் மாற்ற இடம் இருக்கிறதா என்றும் கேள். சின்னம்மாவோடு நான் கதைக்கிறேன்.

இன்றைக்கே அந்தப் போல்டரை வீட்டுக்குள் எடுத்து வை. கராஜுச் சுவர் ஈரம், கரி கலங்கிவிடும். அந்தப் படத்தை ஒருக்கால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அப்பம்மா இன்னும் பார்க்கவில்லை.

அன்புடன்,
அப்பா