தேசிய குவாண்டம் இயக்கத்தாருக்கு ஊட்டியிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறவள். 2023-இல் உங்கள் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியபோது, இலக்குகளில் அணுவின் அதிர்வை எண்ணி நேரம் சொல்லும் அணுக் கடிகாரமும் இருந்ததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அதைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

ஸ்ட்ரான்சியம் என்ற உலோகத்தின் அணுக்களை வைத்து ஓடும் கடிகாரத்தில் எண்ணப்படும் அதிர்வு நொடிக்குச் சுமார் 429 லட்சம் கோடி. அணு தப்பு செய்வதில்லை, அதைக் கேட்டு எண்ணும் லேசர்தான் தடுமாறுகிறது. லேசரை நிலையாக நிறுத்த இரண்டு ஆடிகளுக்கு நடுவே ஒளியை ஓட விடுகிறார்கள். அந்த ஆடிகளோ தங்கள் வெப்பத்தாலேயே நடுங்குகின்றன, தெருவில் ஒரு லாரி போனாலும் கேட்கவே வேண்டாம்.

இதற்கு வழி, அணுக்கள் கூட்டாக ஒளி உமிழும் லேசர். 1954-லேயே இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி சொன்ன கருத்து இது. எங்கள் ஊர்ப் பக்கம் படுகர் ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? மைக்கில் பாட்டு ஒரு கணம் நின்றாலும் வட்டத்தின் காலடி தப்பாது, தாளம் ஆடுகிறவர்களிடமே இருக்கிறது. அப்படித்தான் இந்த லேசரிலும் தாளம் ஒளியில் இல்லை, அணுக்களிடம் இருக்கிறது. ஆடி நடுங்கினால் பாதிப்பு மிகக் குறைவு. 2012-இல் அமெரிக்காவின் ஜைலா ஆய்வகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழு ரூபிடியம் அணுக்களை வைத்து, ஆடிகளுக்கு நடுவே சராசரியாக ஒரு ஃபோட்டான்கூட (ஒளித்துகள்) இல்லாமலே இதை ஓட்டிக் காட்டியது. 2016-இல் ஸ்ட்ரான்சியத்திலும் வந்தது, ஆனால் துடிப்பு துடிப்பாக. விடாமல் ஒளிர வேண்டுமென்றால் களைத்த அணுக்களுக்குப் பதில் புது அணுக்களை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கஷ்டமான வேலை, அதற்குத்தான் பணம் வேண்டும்.

சரி, ஊட்டி எதற்கு? உயரம் கூடினால் கடிகாரம் வேகமாக ஓடும் என்கிறது ஐன்ஸ்டைனின் கோட்பாடு. மேட்டுப்பாளையத்தைவிட நாங்கள் ஏறக்குறைய 1,900 மீட்டர் மேலே இருக்கிறோம், கணக்குப் போட்டால் நாளுக்குச் சுமார் 18 நானோநொடி (நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் 18 பங்கு) வித்தியாசம் வருகிறது. மலை ரயில் போகும் தூரத்திலேயே இப்படி ஒரு சோதனைக் களம்! டோக்கியோவில் ஒரு கோபுரத்தில் 450 மீட்டர் உயரத்துக்குக் கடிகாரத்தை ஏற்றி இதை அளந்தார்கள், எங்களுக்கு மலையே இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்து முத்தொரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை வைத்தபோதும் இந்த மலைச் சரிவையேதான் கருவியின் பாகமாக்கினார்கள்.

அதனால் கேட்பது இதுதான்: இந்த லேசருக்கு ஒரு தனிக் குழு, அப்புறம் அதை வைத்து ஓடும் கடிகாரம் தயாரானதும் மேட்டுப்பாளையத்தில் ஒன்று, இங்கே ஒன்று, இரண்டையும் ஒப்பிட நடுவே ஒளியைக் கொண்டுபோகும் ஃபைபர் கம்பி. அளக்கும் நாளில் என் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கொடுங்கள்.