கிராம் கணக்கு மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

மெத்தபெட்டமைன், கொக்கைன் போன்ற போதைப்பொருள் பிடிபட்ட செய்திகளில் எத்தனை கிராம், என்ன மதிப்பு என்று தவறாமல் வருகிறது. அது நெஞ்சை என்ன செய்யும் என்று ஒரு வரி இருப்பதில்லை. துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஒரேயடியாக ஏற்றி, இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய்களையே சுருக்கிவிடும் சரக்கு இது. கொக்கைன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 24 மடங்கு வரை கூடுவதாக 1999-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இளவயது, ஜிம் உடம்பு எதுவும் காப்பாற்றாது.

எங்கள் கொடைக்கானலோ 2,100 மீட்டர் உயரம். குளிரும் ரத்தக்குழாயைச் சுருக்கும். பக்கத்து வட்டக்கானல் விடுதி அறையில் இதை எடுத்தவருக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், மலையடிவாரத்து வத்தலக்குண்டு இறங்கவே இரண்டு மணி நேரம் ஆகும். கூட வந்தவர்கள் வாயுக்கோளாறு என்று சோடா கொடுப்பார்கள். அப்புறம், போலீஸுக்குப் பயந்து போதைப்பொருள் எடுத்ததை டாக்டரிடமும் மறைப்பார்கள். அதுதான் விபரீதம், மாரடைப்புக்கு வழக்கமாகத் தரும் பீட்டா பிளாக்கர் போன்ற மருந்துகள் போதைப்பொருள் உடம்பில் இருக்கும் நேரத்தில் ஆபத்தாகலாம்.

சுற்றுலா வாகனங்களுக்குத் தரும் இ-பாஸிலேயே ஆம்புலன்ஸ் 108, போதை மீட்பு உதவிக்கு 14446 என்று அச்சிடலாமே. விடுதி அறைக் கதவிலும் ஒட்டலாம்.

– ஒரு வாசகர், நாயுடுபுரம், கொடைக்கானல்