தேனுவுக்கு அம்மா எழுதுவது

அன்பு மகள் தேனுவுக்கு,

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கொல்லைப் பக்கம் ஓடு மாற்றியாயிற்று. நீ பேசி இன்றோடு 23 நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் 'பிஸிம்மா' என்று ஒரு வரி போட்டால் அது பேசியதாகாது. நேரத்துக்குச் சாப்பிடு.

ஓடு மாற்றும்போது பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினேன். ஜெயகாந்தன் கதைகளைப் பற்றிய உன் எம்.ஃபில். ஆய்வேட்டின் கைப்பிரதி கிடைத்தது, அந்த நீல அட்டை நோட்டு. ஓரமெல்லாம் கறையான் அரித்திருக்கிறது, எழுத்து தப்பித்துவிட்டது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். வாய்மொழித் தேர்வு அன்று உன் நெறியாளர் என்னிடம் உன்னைப் பற்றி அவ்வளவு பெருமையாகச் சொன்னாரே, அன்றைக்கு நான் அதில் ஒரு பக்கம்கூடப் படித்திருக்கவில்லை. இப்போது சொல்கிறேன், நீ எழுதியது போல எனக்கு எழுத வராது. அவ்வளவு எழுதத் தெரிந்தவளுக்கு அம்மாவிடம் நாலு வார்த்தை பேச நேரமில்லையா?

ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதை விகடனில் வந்த 1966-ல்தான் நான் பிறந்தேன். 31 வருஷம் தமிழ் எடுத்தவள், அந்தக் கதையை வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! காரில் ஏறிச் சீரழிந்து வந்த பெண்ணை முதலில் அடிக்கிறாள் அம்மா. அப்புறம் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். அம்மா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

அதைத்தான் நீ குறை சொன்னாய். தண்ணீர் ஊற்றுகிறாள் என்றால் அழுக்கு இருப்பதாக அவளும்தானே நம்புகிறாள் என்று கேட்டாய். நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன். இப்போது உன் நோட்டில் அந்தப் பக்கத்துக்கு வந்தால், ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி வைத்திருக்கிறாய்: 'இவளை யாராவது கேட்டார்களா?'

யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே எனக்கு இத்தனை வருஷம் உறைக்கவில்லை.

அந்தக் கதைக்குக் கிளம்பிய எதிர்ப்புக்குப் பிறகு, அம்மா வேறு மாதிரி நடந்திருந்தால் என்று ஜெயகாந்தன் நாவலாக எழுதினார். உனக்குத் தெரியாததா. 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில் அம்மா கத்தி ஊரைக் கூட்டிவிடுகிறாள், அந்தப் பெண் கங்காவை அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். 1977-ல் வந்த படத்தில் கங்காவாக நடித்த லட்சுமியைப் பார்த்து அழுதிருக்கிறேன். கங்கா பாவம், கங்கா பாவம் என்றுதான் அழுதேன். அந்த அம்மாவை உற்றுப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. எத்தனையோ வருஷம் கழித்துக் கங்கா அந்த 'அக்னிப் பிரவேசம்' கதையையே அம்மாவிடம் படிக்கக் கொடுக்கிறாளே, அந்த இடத்தைப் பற்றி நீ ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். அதைப் படிக்கும்போது நோட்டை என்னிடமே நீ நீட்டியது போல இருந்தது.

போன தை மாதம் அந்தப் பச்சைப் பையோடு வந்து நின்றாய். எதிர்வீட்டு மாமி கேட்டபோது பொங்கல் லீவு என்றேன். உன்னை உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாயோ என்று பயம். மூன்றாம் நாள் முறுக்கு டப்பாவைப் பையில் வைத்து, கொஞ்சம் பொறுத்துப்போ என்று நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

மூன்று நாளும் நீ முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தாய். பாத்திரம் தேய்க்கும்போதுகூட மடித்துவிடவில்லை. கை நனைந்து முழங்கை வரைக்கும் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்தேன்டி. பார்த்துவிட்டுத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கதையில் அந்த அம்மாவும் பக்கத்தில் கேட்டவர்களிடம் மழையில் நனைந்து வந்ததற்காக அடித்தேன் என்று சமாளிக்கிறாள். ஆனால் பெண்ணை வீட்டுக்குள் வைத்துக்கொண்டாள். நான் சமாளித்துவிட்டு உன்னை வெளியே அனுப்பினேன்.

இப்போது கேட்கிறேன். உனக்கு என்ன வேண்டும்? அங்கேயே தனியாக இருக்கிறேன் என்றால் அட்வான்ஸுக்கு என் பென்ஷன் பணம் இருக்கிறது. இங்கே வருகிறாய் என்றால் எத்தனை மணி ராத்திரியானாலும் வந்து கேட்டைத் தட்டு. இரண்டும் வேண்டாம் என்றாலும் சரி, பேசு. கடலூர் மாமா கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ராத்திரியில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பாவிடம் முந்தாநாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், முழுக்கைச் சட்டை உட்பட. ஒன்றும் பேசவில்லை. காலையில் பார்த்தால், உன் அறைக் கட்டிலில் படிந்திருந்த சிமெண்ட் தூசியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
அம்மா