ஹண்டா வைரஸ்: அந்த ஒரு வரி சரியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹண்டா வைரஸ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எலிப்புழுக்கையும் மூத்திரமும் காய்ந்து தூசியாகி மூச்சோடு உள்ளே போவதை நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். ஆனால் "வைரஸ் நுரையீரலை அரித்துவிடும்" என்ற வரி சரியில்லை. "எதிர்ப்புச் சக்தியை ஏற்றிக்கொண்டால் பயமில்லை" என்று பெட்டிச் செய்தி வேறு. மும்பையில் 28 வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த வைரஸ் குடியேறுவது ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களில். அவற்றை அது கொல்வதில்லை, சத்தமில்லாமல் பெருகுகிறது. ஓரிரு வாரம், சில சமயம் ஆறேழு வாரம்கூட ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம்தான் உடம்பு விழித்துக்கொள்கிறது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்கள் திரண்டு வருகின்றன, எதிர்ப்பைத் தூண்டிவிடும் சைட்டோகைன் என்ற புரதங்கள் பொங்குகின்றன. குழாய்ச் சுவரில் நெருக்கமாக ஒட்டியிருந்த செல்கள் விலகி, ரத்தத்தின் நீர் கசிந்து நுரையீரலின் காற்றறைகளை நிரப்புகிறது. வைரஸும் தன் பங்குக்குச் சுவரை இளக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் காலையில் வெறும் காய்ச்சலோடு இருந்தவர் ராத்திரிக்குள் மூச்சுத் திணறுவதில் நம் எதிர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 1993-ல் அமெரிக்காவில் கண்டறிந்த வகையில் மூச்சுக் கோளாறு வரை போனவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறக்கிறார்கள். ஆசியாவில் உள்ள வகைகளில் அடி விழுவது பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு.

அதே அமெரிக்க வைரஸைச் சுமக்கும் காட்டெலி நோயே இல்லாமல் ஆயுசு முழுக்கத் திரிகிறது. அதன் உடம்பு அளவோடுதான் எதிர்க்கிறது. (வேலூர் தோட்டப்பாளையத்தில் 1964-ல் ஒரு மூஞ்சூறிடம் எடுத்து, அந்த இடத்தின் பெயரையே வைத்த வைரஸும் இந்தக் குடும்பம்தான். அது மனிதரைப் படுக்க வைத்ததாக உறுதியாகவில்லை.)

சரி, எதிர்ப்பை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தால் போதுமே என்று கேட்கலாம். சிலி நாட்டில் சோதித்தார்கள், குறிப்பிடும்படி பலனில்லை. வைரஸை முடக்கும் ஆன்டிபாடி சீக்கிரம் உருவானவர்களுக்கு நோய் லேசாகப் போவதும் உண்டு. அதனால் எதிர்ப்பைக் கூட்டு, குறை என்று ஒற்றை வார்த்தையில் சொல்ல முடியாத விஷயம் இது.

எங்கள் தாராவிச் சந்தில் காய்ச்சல் என்றாலே "ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்" என்பதுதான் முதல் பேச்சு. டெங்குவிலும் இதே கசிவு உண்டு. பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு டெங்கு வந்தபோது, வீட்டார் வற்புறுத்தலில் மூன்று பாட்டில் ஏறியது. மறுநாள் விரல் வீங்கி, சோப்பு போட்டும் மோதிரம் கழலவில்லை. உட்கார்ந்தால்தான் அவரால் மூச்சே விட முடிந்தது. குழாய் கசியும் நேரத்தில் ஏற்றுகிற சலைனும் அந்த ஓட்டை வழியாகத்தான் போகும். ஹண்டாவில் அது நுரையீரலுக்கே போய்ச் சேரும். ஆக்சிஜன், தீவிர சிகிச்சைப் பிரிவு, அளந்து கொடுக்கும் திரவம், முற்றினால் ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ கருவி: கைகொடுப்பவை இவைதான்.

அந்தப் பெட்டிச் செய்தியைத் தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள். அந்த இடத்தில், மளிகைக் குடோன் கூட்டும் பையன்கள் பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்ட பிறகே புழுக்கையைத் துடைத்து எடுக்க வேண்டும், காய்ந்த தரையில் துடைப்பம் போடக்கூடாது என்று நான்கு வரி போடுங்கள்.

ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
தாராவி, மும்பை