பத்து மணிக்கே எழுதி முடித்த நான்கு மணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன் அறை, காற்றோட்டம், தோட்டம் எல்லாம் பார்க்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 31 ஆண்டுகள் மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக இருந்தவள் நான். என்னைக் கேட்டால், அங்கே ஏற்கெனவே படுத்திருப்பவர்களின் குதிகாலைப் பாருங்கள் என்பேன்.

என் அக்காவுக்கு 82 வயது. பக்கவாதத்துக்குப் பிறகு தானாகப் புரண்டு படுக்க முடியாது. அவள் இருந்த இல்லத்தில் கட்டில் முனையில் ஓர் அட்டை தொங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம், மல்லாக்க என்று மாற்றிப் படுக்க வைத்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருநாள் என் பேருந்து தாமதமாகி, இரவு 10 மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அட்டையில் மறுநாள் அதிகாலை 4 மணி வரை கையெழுத்து இருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு.

போர்வையை விலக்கிக் குதிகாலைத் தொட்டேன். கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது, கைதான் சொல்லும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக இருந்தது. படுக்கைப்புண்ணின் முதல் படி அது. அப்போதே அழுத்தத்தை எடுத்துவிட்டால் ஆறிவிடும். விட்டால் குழிந்துகொண்டே எலும்பு வரை போகும். அதிலிருந்து கிருமி ரத்தத்தில் பரவி இறந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

இரவுப் பணியில் இருந்த பெண் பதறிப்போய், "நல்லா நீவி விடட்டுமாம்மா?" என்றாள். நீவவே கூடாது, ரத்த ஓட்டம் குறைந்து நலிந்த சதை இன்னும் சிதையும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் வைக்க வேண்டும். அவளுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தளத்தில் 26 கட்டில்கள், இரவுக்கு அவள் ஒருத்தி. பாதிப் பேரைத்தான் புரட்டிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நனைந்த துணி மாற்றுவதையும் சேர்த்து ஆளுக்கு 10 நிமிடம் என்றாலும் 130 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் இருப்பதோ 120. இதற்கு நடுவில் யாராவது மணி அடித்தால்? போதாக்குறைக்கு, தோல் இழுபடாமல் ஒருவரைத் தூக்கிப் புரட்ட இரண்டு பேர் வேண்டும்.

மறுநாள் நிர்வாகியிடம் கேட்டேன். "எல்லா இடத்திலும் கேமரா இருக்கிறது மேடம்" என்றார். கேமரா யாரைப் புரட்டிப் போடும்?

ஆள் குறைவான இரவுகளில் நடமாடுகிறவர்களுக்கு வேறு ஆபத்து. தூக்க மாத்திரை கொடுத்துவிடுவார்கள். அரை மயக்கத்தில் கழிப்பறைக்கு எழுந்து விழுவார்கள். கட்டிலுக்குக் கம்பித் தடுப்புப் போட்டால், குழம்பிய நிலையில் அதன்மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுகிறவர்களும் உண்டு. மறதி நோயாளிகளை அடக்கி வைக்கத் தரும் மனநோய் மருந்துகள் உயிரிழப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. இரவு மாத்திரை ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தால், யார் எழுதியது, எதற்கு என்று கேட்க உறவினர்கள் தயங்கக் கூடாது.

இல்லங்களைச் சோதிக்க வருகிற அதிகாரிகள் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காலை 11 மணிக்கு வந்தால், தலைவாரிப் பொட்டு வைத்த முகங்களைத்தான் பார்ப்பார்கள். சொல்லாமல் இரவு 2 மணிக்கு வரட்டும். எத்தனை ஊழியர்கள் விழித்திருக்கிறார்கள் என்று எண்ணட்டும். அட்டையின் கடைசிக் கையெழுத்து எத்தனை மணிக்கு உரியது என்று பார்க்கட்டும்.

அக்காவை அந்த வாரமே வேறு இல்லத்துக்கு மாற்றிவிட்டேன். குதிகால் ஆறிவிட்டது. கிளம்பிய அவசரத்தில், பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவின் போர்வையை நான் விலக்கிப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்